விசாவில் விழுந்த குங்குமம்

நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் மளிகைக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே பதினோரு வருடம் இருந்த எங்கள் டிராவல் ஏஜென்சியைப் போன மாதம் மூடினோம். விமானக் கம்பெனிகள் கமிஷனைக் குறைத்துக்கொண்டே வந்தன. ஜனங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே டிக்கெட் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ரிடையர்டு ஆசாமி. கடைசி நாள் சாப்பாட்டின்போது, கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள், "பாலு சார், அந்த ஸ்பெயின் கதையை எழுதுங்க" என்றார்கள். அவர்களுக்கு நான் சொல்லி வைத்திருந்தது சிரிப்புப் பதிப்பு. அதில் நான்தான் ஹீரோ. இது மற்றது.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. சைதாப்பேட்டையிலிருந்து வந்து, ஒரு மோட்டலில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவன், ஆறு வாரம் பச்சை எழுத்துத் திரையின் முன் உட்கார்ந்து டிக்கெட் போடப் பழகினேன். மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது லோகநாயகி மேடம். கோயம்புத்தூர்க்காரர், ஏஜென்சியின் சொந்தக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைப் பார்த்து, "சரிங்க, அப்புறம்?" என்பார். அவன் மேலே சொல்லச் சொல்ல, "அப்புறம்?" என்றே கேட்டுக்கொண்டிருப்பார். நாலாவது அப்புறத்தில் ஆள் தானே உண்மைக்கு வந்துவிடுவான்.

பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் வைத்திருந்த ஒழுங்கு கோயிலில் கூடக் கிடையாது. பாஸ்போர்ட் இருக்கும் மேஜையில் காபி வைக்கக் கூடாது. வாங்கும்போது ஒரு முறை, விசா குத்தி வந்ததும் ஒரு முறை, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் படிக்க வேண்டும். குரூப் கிளம்புவதற்கு முதல் நாள், பிள்ளையார் படத்துக்கு முன்னால் டிக்கெட் கவர்களை அடுக்கிக் கற்பூரம் காட்டி, ஒவ்வொரு கவரின் மூலையிலும் மோதிர விரலால் ஒரு பொட்டு வைப்பார். ஒரு தடவை நான் பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார்.

"கவர் நம்மளுதுங்க பாலு. பாஸ்போர்ட் கவர்மென்ட்டுது. அவங்க சொத்துல நாம எதுக்குப் பொட்டு வைக்கிறோம்?"

அந்த வருடம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஸ்பெயின் போகப் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். எல்லாம் நம்ம ஊர்க் குடும்பங்கள். வழிகாட்டியாக நான். மேடம் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். ஆக, கிளம்புவதற்கு முதல் நாள் பூஜை என் தலைமையில்.

தலைமை கிடைத்ததும் எனக்குக் கற்பனை வந்துவிட்டது. கவருக்கு மட்டும் பொட்டு வைத்தால் பயணிக்கு என்ன பாதுகாப்பு? பாஸ்போர்ட்டுக்கும் வைத்தால் என்ன? கடைசி வெற்றுப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு கடுகு போல. பன்னீர் விட்டுக் குங்குமத்தைக் குழைத்தேன். பன்னீர் கொஞ்சம் அதிகம். பதினேழு பாஸ்போர்ட் முடிந்து பதினெட்டாவதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரும்பினேன். முழங்கை தட்டில் பட்டது.

குங்குமத் தண்ணீர் நேராகப் போய் விழுந்தது ஓர் அமெரிக்க விசாவின் மேல். விசா முடியும் தேதியின் மேல்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? ஒற்றி எடுத்துவிட்டு நிறுத்துவான். நான் டிஷ்யூவால் துடைத்தேன். துடைத்ததில் சிவப்பு பரவியது. ஈரத் துணியால் துடைத்தேன். அது ரோஸ் ஆனது. பிறகு, இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது, டிராயரிலிருந்து இரப்பரை எடுத்து அழித்தேன். குங்குமம் போகவில்லை. வருடத்தின் கடைசி எண்தான் பாதி போனது. உரித்த தோல் மாதிரி அந்த இடம் வெளுத்துச் சொரசொரவென்று நின்றது. யாரோ விசாவை நீட்டிக்க எண்ணைத் திருத்தப் பார்த்திருக்கிறார்கள் என்று, பிறந்த குழந்தை பார்த்தாலும் சொல்லிவிடும்.

பெயரைப் பார்த்தேன். மகேஸ்வரி.

ஈரோட்டுப் பெண், டாக்டர். கணவர் செந்தில் சாஃப்ட்வேர் வேலைக்கு எச்-ஒன் விசாவில் இருந்தார். மகேஸ்வரி அவரைச் சார்ந்த விசாவில், வேலை பார்க்க உரிமையில்லாமல், மூன்று வருடம் அபார்ட்மென்டில் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்தவர். அத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு அப்ளை பண்ணியதில் ஒரே ஓர் ஆஸ்பத்திரி பயிற்சி டாக்டர் இடத்துக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. நாங்கள் திரும்பி வந்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமை காலையில். அதைக் கொண்டாடத்தான் செந்தில் இந்தப் பயணத்துக்கே பணம் கட்டினார்.

ஸ்பெயினுக்குள் நுழைய இந்தப் பக்கம் தேவையில்லை. அதற்கு வேறு விசா, வேறு பக்கம். திரும்பும்போதுதான் விமானக் கம்பெனி ஆள் இதைத் திறப்பான். சந்தேகப்பட்டால் ஏற்ற மாட்டான். செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலி காலியாக இருக்கும், வேறொருவர் உட்காருவார்.

அப்போதே போன் பண்ணிச் சொல்லியிருந்தால் மகேஸ்வரி பயணத்தை விட்டுவிட்டு வீட்டில் படித்துக்கொண்டிருப்பார். கதையே இல்லை. நான் சொல்லவில்லை. காரணம் தேடி ரொம்பச் சிரமப்பட வேண்டாம், பயம். பாஸ்போர்ட்டுகள் எப்படியும் வழிகாட்டியின் பையில்தான் இருக்கும். 'கவுன்ட்டர்காரன் அவசரத்தில் பார்க்க மாட்டான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, மறுநாள் விமானம் ஏறினேன்.

அப்படியாக நான் ஸ்பெயினைப் பார்த்தேன்.

மேட்ரிட்டைச் சுற்றிக் காய்ந்த சமவெளி. டொலேடோவில் மூன்று மதங்கள் ஒரே சந்தில் இடித்துக்கொண்டு நின்ற மலை. தெற்கே இறங்க இறங்க ஒலிவ மரங்கள் மலைச்சரிவெல்லாம் வரிசை வரிசையாக, பஸ்ஸோடு சேர்ந்து சுழன்றன. எங்கள் டிரைவர் பாக்கோ தெற்கத்திக்காரர். மேட்ரிட்காரனுக்குச் சாப்பிடத் தெரியாது, பார்சிலோனாக்காரனுக்குச் சிரிக்கத் தெரியாது, வடக்கே இருப்பவனுக்கு வெயிலே தெரியாது என்று பாதி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். பின் சீட்டில் நம்மவர்கள் மதுரைக்காரரையும் கோயம்புத்தூர்க்காரரையும் வைத்து அதே கச்சேரியை நடத்திக்கொண்டு வந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து இரண்டு பக்கத்துக்கும் ஜோக் சொன்னேன். ஒரு கை மட்டும் பையின் மேலேயே இருந்தது.

கிரனாடா அரண்மனையில் கல் வாய்க்காலில் தண்ணீர் அறைக்கு அறை ஓடியது. மேலே பார்த்தால் மலையில் பனி. பதினெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பத்தொன்பதாவது ஆளான மகேஸ்வரி ஒரு தூணில் சாய்ந்து, கையிலிருந்த அட்டைகளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, மந்திரமா?" என்றேன்.

"இன்டர்வியூ கேள்விங்க அண்ணா. 'உங்க வீக்னஸ் என்ன'ன்னு கேப்பாங்களாம். என்னங்க சொல்றது?"

"நல்லவங்கள நம்பிடுவேன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். நான் போய்க் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டேன்.

செந்தில் வேறு போகுமிடமெல்லாம் ஒரு கொழுத்த நீல ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எச்-ஒன்னில் இருக்கும் நம்மவர்களுக்கு அது இன்னோர் உறுப்பு மாதிரி. அப்ரூவல் கடிதம், சம்பளச் சீட்டு, கல்யாணச் சான்றிதழ், டிகிரி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை வைத்துப் பஸ்ஸில் நான் பண்ணிய கேலி கொஞ்சமில்லை. "செந்தில், அந்த ஃபைலுக்கும் ஒரு சீட் போட்டிருக்கலாமே" என்று ஒவ்வொரு ஊரிலும் சொன்னேன்.

வலென்சியாவுக்குத் தெற்கே பஸ் திரும்பியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். நெல் வயல். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டியிருந்தது, வரப்பு, மடை எல்லாம் அப்படியே. அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கத்து அம்மா ஒருவர் குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். மகேஸ்வரி அன்றைக்குத்தான் அட்டைகளைப் பையில் போட்டுவிட்டு, நாலு வயது மகள் நிலாவைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

"நிலாக்குட்டி, இங்க பாரு, சோறு இங்கதான் வெளையும்."

"நோ அம்மா. ரைஸ் கம்ஸ் ஃப்ரம் தி பேக்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகேஸ்வரியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இந்தப் பெண் இன்னும் நாலு நாளில் மேட்ரிட் கவுன்ட்டரில் நின்று, 'இது என்ன' என்று கேட்பவனிடம் முழிக்கப் போகிறார். அப்போது நான் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து ஆச்சரியப்படுவதாக இருந்தேன். ஆமாம், அப்படி ஒரு திட்டம் என்னிடம் இருந்தது. முகபாவம் வரை ஒத்திகை பார்த்திருந்தேன்.

மறுநாள், புதன்கிழமை, பார்சிலோனா. தெருப் பலகைகளில் பாஷையே ஸ்பானிஷிலிருந்து அந்த ஊர்ப் பாஷைக்கு மாறியிருந்தது. பாக்கோ கூட முகவரி கேட்கத் தயங்கினார். குரூப் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, வெளிநாட்டுப் போன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் புகுந்து கோயம்புத்தூரைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

"சரிங்க, சொல்லுங்க."

குங்குமம் சிந்தியதைச் சொன்னேன்.

"அப்புறம்?"

துடைத்ததைச் சொன்னேன்.

"அப்புறம்?"

இரப்பரைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"இல்லைங்க மேடம். எப்படிச் சமாளிக்கலாம்னு உங்களக் கேட்டுட்டு..."

"போய் மொதல்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. சொல்லிப்போட்டு எனக்குக் கூப்பிடுங்க."

வைத்துவிட்டார்.

ஓட்டலில் மகேஸ்வரியும் செந்திலும் இருந்த மேஜைக்குப் போனேன். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்தேன். சொன்னேன். முதல் நிமிடம் செந்தில் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஜோக்கின் முடிவு வரவில்லை என்று காத்திருந்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"அண்ணா, நாம கிளம்பின வெள்ளிக்கிழமையிலிருந்து உங்களுக்குத் தெரியும்."

"வியாழக்கிழமையிலிருந்து," என்றேன். அந்த நேரத்தில் கூடத் திருத்தம் சொன்னேன் பாருங்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே பஸ்ல என் ஃபைலக் கிண்டல் பண்ணிட்டு வந்தீங்க."

மகேஸ்வரி பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சாய்த்துப் பார்த்து, விரலால் தடவினார். நோயாளியைக் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்ன பட்டுச்சு? எத்தன நேரம் ஊறுச்சு? எதால தேச்சீங்க? வேற யாராச்சும் பாத்தாங்களா?"

பதில் சொன்னேன்.

"அமெரிக்கன் எம்பசி எங்க இருக்குது?"

"மேட்ரிட்ல. விசா கொடுக்கறது அங்கதான். நாளைக்கே போயிடலாம்."

"நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங்," என்றார் மகேஸ்வரி.

எந்த விடுமுறையை நம்பி வந்தோமோ, அதே விடுமுறைக்கு எம்பசியும் மூடியிருக்கும். பாக்கி இருந்தது வெள்ளிக்கிழமை ஒரு காலை. சனிக்கிழமை மதியம் விமானம்.

குரூப்பைப் பாக்கோவிடமும் உள்ளூர் வழிகாட்டிப் பெண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு, வியாழக்கிழமை நாங்கள் நால்வரும் ரயிலேறினோம். கிளம்புமுன் மேடத்தைக் கூப்பிட்டேன். "நடந்தத வரிசையா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். "இரப்பர உட்டுறாதீங்க பாலு." அதை விட்டுவிட்டு எழுதத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே நாடு மறுபடி பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியது. நிலா மட்டும் எதிர் சீட்டிலிருந்து, "அங்கிள், ஒய் ஆர் யூ நாட் ஃபன்னி டுடே?" என்று கேட்டாள். "பேட்டரி தீந்து போச்சு கண்ணு" என்றேன். செந்தில் அவளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எம்பசி வாசலில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். ஒன்பதரைக்கு ஜன்னலுக்கு வந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடுவயது அம்மாள். பாஸ்போர்ட்டைத் திறந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"யார் இதை அழித்தது?"

மகேஸ்வரி என் பக்கம் திரும்பினார். கை காட்டவில்லை, வெறுமனே பார்த்தார்.

எனக்குக் கிரீன் கார்டு இருந்தது. குடியுரிமைக்கு அப்ளை பண்ணி இன்டர்வியூவுக்குக் காத்திருந்தேன். அமெரிக்க விசாவின் தேதியை இரப்பரால் அழித்தேன் என்று அமெரிக்க எம்பசியிலேயே எழுதிக் கொடுத்தவனுக்கு அந்தக் குடியுரிமை கிடைக்குமா என்பதை ரயிலில் ஏழு மணி நேரமும் யோசித்திருந்தேன். எழுதிய தாளை ஜன்னலுக்கு அடியில் தள்ளினேன். ரயில் ஆட்டத்தில் எழுதியதில் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அதற்கு வேறு பயம் வந்தது.

அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"பாஸ்போர்ட்டில் ஏன் சிவப்புப் பொடி வைத்தீர்கள்?"

"அதிர்ஷ்டத்துக்கு."

பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்ததா?"



விசா கொடுத்தது சென்னை. அங்கே இருக்கும் பதிவைப் பார்த்து, உண்மையான தேதி இதுதான் என்று பதில் வந்தால், இதை ரத்து செய்துவிட்டுப் புதிது தரலாம். வராவிட்டால் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். பிறகு கணவருடைய காகிதங்களைக் கேட்டார். செந்தில் நீல ஃபைலைத் திறந்தார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். போட்டோவும் இருந்தது. என் பக்கம் திரும்பவேயில்லை.

உட்கார்ந்தோம். சுவரில் ஒரு கடிகாரம். சென்னைக்கும் மேட்ரிட்டுக்கும் நாலரை மணி நேரம். இங்கே பதினொன்று, அங்கே மூன்றரை. இங்கே பன்னிரண்டு, அங்கே நாலரை. பன்னிரண்டரைக்கு அங்கே ஆபீஸ் முடிந்துவிடும். சைதாப்பேட்டையில் வளர்ந்தவனுக்கு அந்த ஆபீஸ் ஆட்கள் எந்த மூலையில் நின்று டீ குடிப்பார்கள் என்று கூடத் தெரியும். மனசுக்குள் ஒவ்வொருவராக டீக்கடையிலிருந்து நாற்காலிக்குத் துரத்திக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி அட்டைகளை எடுத்தார். முதல் அட்டையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், புரட்டவில்லை.

பன்னிரண்டே காலுக்கு ஒருவர் வந்து ஏதோ காகிதத்தை ஜன்னலுக்குள் கொடுத்தார். எழுந்து நின்றேன். அது வேறொருவருடையது. உட்கார்ந்தேன். பன்னிரண்டரை ஆனது. பன்னிரண்டு நாற்பது. செந்தில் ஃபைலை மூடி ரப்பர் பேண்டைப் போட்டார். திங்கட்கிழமை விசா கிடைக்கும்போது மதிய விமானம் போயிருக்கும், செவ்வாய் காலைக்கு நியூஜெர்சி போய்ச் சேர வழியில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான்தான் விமான அட்டவணையை மனப்பாடம் பண்ணியவன், இருந்தும் மனசுக்குள் ஒவ்வொரு விமானமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது மகேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் வந்திருந்தது.

நாலு மணிக்குப் புது விசா கையில். பழைய பக்கத்தில் குங்குமக் கறையின் மேலேயே 'ரத்து' முத்திரை. என் தாளை அவர்கள் திருப்பித் தரவில்லை. நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கியதும் மகேஸ்வரி ஒரு நிமிடத்தில் வெளியே போனார். என்னைத் தனியறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தபோது மூவரும் டிராலியோடு நின்றிருந்தார்கள்.

"எனக்காகவா நின்னீங்க?" என்றேன்.

"உங்களுக்காக இல்லைங்க," என்றார் மகேஸ்வரி. "உங்க விஷயத்துல ஏதாச்சும் ஆனா, மறுபடி என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. அதான் பாத்துட்டுப் போலாம்னு." டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். 'அண்ணா' இல்லை என்பதைக் கவனித்தேன்.

மேடம் ஊரிலிருந்து வந்ததும் ராஜினாமாவை நீட்டினேன். படிக்காமல் டிராயரில் போட்டார். "இதென்னங்க, சுலபமாப் போயிரலாம்னு பாக்கறீங்களா?" என்றார். அன்றிலிருந்து ஒரு வேலை கொடுத்தார். யார் பாஸ்போர்ட் வாங்க வந்தாலும் நான் அவர்களை எதிரில் உட்கார வைத்து, எழுதியிருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையில் தர வேண்டும். ஜனங்கள் பொறுமை இழப்பார்கள். கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணியே பிழைத்தவனுக்கு அது தேவைதான். கடை மூடும் வரை படித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை மகேஸ்வரி வந்தார். ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது. ட்யூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தது. ஊருக்குப் போக டிக்கெட்டும், வழியில் இறங்கும் நாட்டு விசாவுக்காக எங்களிடம் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டும் வாங்க வேண்டும். நானே தந்துவிடுகிறேன் என்று பக்கத்து மேஜைப் பெண் எழுந்தாள். மகேஸ்வரி என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாருக்கும் படிச்சுக் காட்டறீங்களாமே. படிங்க."

படித்தேன். பெயர், பிறந்த ஊர், எண். ஒவ்வொரு முத்திரையாக வந்தேன். அந்தப் பக்கம் வந்தது. ரோஸ் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. அதைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். அவர் விரலை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார்.

படித்தேன். விசாவின் வகை. கொடுத்த ஊர், சென்னை. முடியும் தேதி என்று சொல்லி, மாதம் சொல்லி, வருடத்தின் மூன்று எண்கள் சொல்லி, நாலாவதில் நின்றேன். உள்ளே மேடம் டைப் அடிப்பதை நிறுத்தியது கேட்டது.

"இந்த எண்ணை நான் அழிச்சுட்டேன்," என்றேன்.

மகேஸ்வரி விரலை எடுத்தார்.

"சரிங்க அண்ணா. அடுத்த பக்கம் படிங்க."